அண்ணத்தில் ஒட்டிய அப்பம்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர்க் கோயில். ஈறு நோயில் மேல்பற்கள் முழுவதும் போய், நாற்பத்திரண்டு வயதிலேயே பல்செட் மாட்டியிருந்தேன். அண்ணம் முழுக்க மூடும் தகடு. அன்று பூசையில் நன்மை வாங்கியதும், சாமியார் நாக்கில் வைத்த அந்த அப்பம் தகட்டில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன். செட்டே கழன்று வந்துவிட்டது! சேலைத்தலைப்பில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

தகட்டில் பாதி அப்பம் அப்படியே இருந்தது. அந்த அப்பம் எங்களுக்கு ஆண்டவரின் உடல். ஆண்டவரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரும்ப வாயில் போடப் பயம், கீழே வைக்கவும் பயம். ஒரு தம்ளர் தண்ணீரில் செட்டோடு போட்டு, இயேசு படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கரைந்துவிட்டது. அந்தத் தண்ணீரைப் பிச்சிக்கொடியின் மூட்டில், வேரடியில், ஊற்றினேன்.

பெரிய பாவம் செய்துவிட்டதாகவே நம்பினேன். செய்த பாவத்தைச் சாமியாரிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் வெட்கம். பல்லைக் கழற்றிவிட்டு நன்மைக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். பொக்கை வாயோடு ஊருக்கு முன்னால் நிற்க மனசு வரவில்லை. அந்தக் கர்வமும் என்னிடம் இருந்தது. பூசைக்குப் போவேன், நன்மை நேரத்தில் மட்டும் பெஞ்சில் குனிந்திருப்பேன். உள்ளுக்குள் ஒரு நிலையில்லை.

எங்கள் ஊரில் இது மறையுமா? நன்மை வாங்காதவள் ஏதோ பெரிய பாவத்தில் இருக்கிறாள் என்றுதான் பேசுவார்கள். மீன் வாங்கும் இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி எல்லாருக்கும் கேட்கும்படி, “ஏட்டி, மூணு ஈஸ்டரு போச்சு. அப்படி என்ன பாவம்ட்டி செஞ்ச? எங்ககிட்டயும் சொல்லு, நாங்களும் கேட்டுக்கிடுதோம்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு வந்தேன்.

மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்த சமயம். ஒருநாள் அவள் முகம் வாடி வந்தாள். “அம்மா, கல்யாணப் பூசையில நீ நன்மை வாங்குவியா, மாட்டியா? மாப்பிள வீட்டுல கேக்காவ.”

செட்டைக் கழற்றி அவள் கையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். “இந்தப் பல்லுக்காவாம்மா?” என்று சிரித்தாள். சிரிப்பு முடியுமுன்பே அழுதாள்.

மறுநாளே நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். மேல்தாடை எலும்பில் நான்கு ஸ்க்ரூ வைத்து, அதன் மேல் செட்டைப் பூட்டலாம், அண்ணத்தை மூடும் தகடு வேண்டாம் என்றார் அவர். ஆனால் எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்க ஆறேழு மாதம் ஆகும். கல்யாணத்துக்கு இருந்ததோ எட்டு மாதம். அந்த மாதங்களில் எனக்கு உறக்கமில்லை. பிடிக்குமா, பிடிக்காதா? நாக்கு சும்மா இருக்காமல் அங்கேயே போகும். “தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்கம்மா, அது ஓடிப் போவாது” என்று டாக்டர் அதட்டினார். ஜெபமாலை உருட்டும்போதுகூட நாக்கு அங்கேதான்.

நான்கும் பிடித்தது. புதுச் செட்டைப் பூட்டிய வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சொல்லி முடித்ததும் சாமியார் கேட்டார்:

“தண்ணியில கரைச்சு செடி மூட்டுல ஊத்தினியளா? நானும் அதத்தானம்மா செஞ்சிருப்பேன். இதுக்கா மூணு வருசம்?”

2012-இல் கல்யாணப் பூசை. நன்மை வரிசையில் போய் நின்றேன். “ஆமென்” சொல்லி வாங்கினேன். அப்பம் என் சொந்த அண்ணத்தில் ஒட்டியது. நாக்கு தொட்டதும் கரைந்தது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டேயிருந்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை.

பல்லுக்கு எட்டு மாதம் பிடித்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தால் பாரம் அன்றைக்கே இறங்கியிருக்கும். என்னைப்போல ஒன்றைப் பயந்து மறைத்து வைத்திருப்பவர் யாரையாவது தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கூட்டியும் குறைத்தும் சொல்லாதீர்கள். ஊர்வாயில் மூன்று வருஷம் கிடந்தவள் கேட்கிறேன், நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.