அவர் எனக்காகச் சொன்ன 'இல்லை'

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில், காண்ட்ராக்டரின் ஆளாக, இருபத்திரண்டு வருடமாக கிரைண்டிங் வேலை செய்கிறேன். வெல்டிங் போட்ட இடத்தைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. எனக்குப் பதிலாக யாராவது பேசிவிட்டால் நிம்மதியாக இருக்கும். அந்தப் பழக்கத்தால் ஒரு கண்ணையே இழந்திருப்பேன்.

போன வருடம் இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. இடது கால் மரத்துப்போனது. டாக்டர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்னைத் திருவள்ளூருக்குக் கூட்டிப்போனார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன்; அவர் என்னை வாப்பா, போப்பா என்பார்.

ஸ்கேன் சென்டரில், உடம்புக்குள் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதை அவரே வாங்கி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேலிருந்து கீழே வரை 'இல்லை' என்று டிக் போட்டார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அரைஞாண் கயிற்றையும் அதிலிருந்த வெள்ளித் தாயத்தையும் கழற்றிக் கொடுத்தேன். அவர்கள் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டேன். உடம்பில் இரும்பு இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அந்தத் தாளைப் பார்த்து முகம் சுளித்தார். கதவுக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டார். இதயத்தில் கருவி வைத்திருக்கிறார்களா, எலும்பில் பிளேட் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பின்னாலிருந்து சூப்பர்வைசரே இல்லை, இல்லை என்றார். பிறகு அந்தப் பெண், உள்ளே இருப்பது பெரிய காந்தம், கண்ணுக்குள் இரும்புத் துகள் கிடந்தால் அது நகர்ந்து பார்வையே போய்விடும் என்று சொல்லிவிட்டு, இரும்பு வேலை செய்ததுண்டா, எப்போதாவது கண்ணில் தூள் பட்டதுண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். இவுரு ஹெல்பரு. ஷெட்டப் பெருக்கிக்கினு இருப்பாரு" என்றார் சூப்பர்வைசர்.

இருபத்திரண்டு வருட வேலையை ஒரே வார்த்தையில் பெருக்கித் தள்ளிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். கண்ணில் தூள் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது, போனால் விபத்து என்று எழுத வேண்டிவரும் என்பது எங்கள் ஷெட்டில் சட்டம். பாதுகாப்புக் கண்ணாடி கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அதனால் எங்களுக்கு நாங்களே வைத்தியர்கள். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று துணி சுற்றி ஆணியில் தொங்கும். தூள் பட்டவன் கவிழ்த்த டிரம்மின் மேல் வெளிச்சத்தைப் பார்த்து உட்காருவான். இன்னொருவன் இமையைத் தூக்கிப் பிடித்துக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவான். தூள் வந்து ஒட்டிக்கொள்ளும். எத்தனையோ பேருக்கு நானே எடுத்துவிட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்கும் வலது கண்ணில் பட்டது. காந்தத்தைக் கொண்டுவந்தபோது கண்ணுக்குள் ஆழத்தில் எதுவோ இழுத்தது. உயிர் போகிற வலி. ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. நாலு நாளில் சிவப்பு குறைந்தது. வேலைக்குப் போய்விட்டேன், மறந்தும் போனேன். உடம்புக்குள் இரும்பு என்றால் ராடும் பிளேட்டும்தான். தூளை எங்களில் யார் கணக்கில் சேர்த்தோம்?

அந்தப் பெண் காந்தம் என்றதும் அந்த இழுப்பு அப்படியே ஞாபகம் வந்தது.

"பட்டுக்குது மேடம். உள்ளயே நின்னுட்டாப்ல இருக்குது" என்றேன்.

"சும்மா இருப்பா. பேஜாரு பண்ணாத" என்றார் சூப்பர்வைசர்.

"நீ சும்மா இரு சார். கண்ணு என்னுது."

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. இந்த ஸ்கேன் கூடவே கூடாது, இடுப்பை வேறு ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சூப்பர்வைசர் குழைந்தார். "அண்ணே, ஊட்ல கேட்டுக்கு வெல்டிங் வெக்க சொல்லோ பட்டுதுன்னு சொல்லிடுண்ணே." அத்தனை வருடத்தில் அன்றுதான் நான் அவருக்கு அண்ணன் ஆனேன். என் வீட்டுக்குக் கேட்டே கிடையாது.

கண் டாக்டர் பேனாவை எடுத்து, எங்கே பட்டது என்று கேட்டார். சூப்பர்வைசர் என் தோளை ஒட்டி நின்றார். கம்பெனியின் பெயரைச் சொன்னேன். எந்த ஷெட், எந்த மிஷின், கண்ணாடி கொடுக்காதது, காந்தம் வைத்து இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதி முடித்ததும், எழுதியதை எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்தார். காண்ட்ராக்டரின் பெயர் அதில் இல்லை. அதையும் சேர்க்கச் சொன்னேன்.