தம் கட்டி அடி

நான் கல்லூரியில் விளையாட்டு அறிவியல் படிக்கச் சேர்ந்தபோது எங்கள் ராயபுரம் தெருவில் சிரிக்காதவர்கள் இல்லை. "ஓடுறதுக்கும் குத்துறதுக்கும் ஒரு டிகிரியா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் சேர்ந்த காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. குத்துச்சண்டையில் முதல் இரண்டு சுற்றுகளில் நான் யாரையும் விடமாட்டேன். கடைசியான மூன்றாவதில் நனைந்த வடக்கயிறுபோல் கை கனத்துவிடும், தோற்றுப்போவேன். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். இறுதியாண்டும் வந்துவிட்டது, பல்கலைக்கழக அணிக்குள் நுழைய அந்த வருடத் தேர்வுப் போட்டி ஒன்றுதான் மிச்சம். காரணம் அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அண்ணனிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "உனுக்கு தம்மு பத்தல மே." துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவனும் ஒருகாலத்தில் குத்துச்சண்டைக்காரன்தான். தங்கச்சி எனக்கு முதன்முதலில் கையுறை மாட்டிவிட்டவனும் அவன்தான். அவனும் எப்போதும் மூன்றாவது சுற்றில்தான் தோற்றான். இது குடும்ப வியாதி என்பாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் தம் என்றால் மூச்சு. தெம்புக்கும் அதே சொல், சிகரெட்டுக்கும் அதே சொல். மூட்டை தூக்குகிறவர் தம் கட்டித் தூக்குவார், வலை இழுக்கிறவர் தம் கட்டி இழுப்பார். "தம் கட்டி அடி மே" என்று அண்ணன் சொன்னபோது நானும் மூச்சை இறுகப் பிடித்துக்கொண்டு அடித்தேன். காலையில் திருவொற்றியூர் சாலையில் ஓடும்போதுகூட, கன்டெய்னர் லாரி புழுதியைக் கிளப்பினால் மூச்சை அடக்கித்தான் ஓடுவேன். அதனால் எனக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை.

இறுதியாண்டில் ஒருநாள் ஆய்வகத்தில், மூச்சை அளக்கும் முகமூடியை எனக்கு மாட்டிவிட்டுக் குத்துமூட்டையை அடிக்கச் சொன்னார் பேராசிரியை. திரையில் கோடு ஏறி இறங்க வேண்டும். நான் அடிக்க ஆரம்பித்ததும் அது படுத்துவிட்டது. "மெஷின் அவுட்டு" என்றான் கணினி முன்னால் இருந்த வகுப்புத் தோழன். ஒயரை ஆட்டினான், அணைத்துப் போட்டான். மறுபடியும் அடித்தேன், மறுபடியும் கோடு படுத்தது. பேராசிரியை திரையை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ மூச்சே விடலையேம்மா."

"அடிக்கும்போது எப்படி மேடம் விடுறது?" என்று சண்டைக்கே போய்விட்டேன். வகுப்பு சிரித்தது. ஒவ்வொரு அடிக்கும் 'உஸ்' என்று மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் உடம்பு சீக்கிரம் களைத்துவிடும். இதையெல்லாம் நான் படித்து, பரீட்சையிலும் எழுதியிருந்தேன். அது என் மூச்சைப் பற்றியது என்றுதான் தோன்றவே இல்லை.

காரணம் கிடைத்த சந்தோஷத்தைவிட அண்ணனை நினைத்த பயம்தான் பெரிதாக இருந்தது. மாலையில் காசிமேட்டு டீக்கடையில் அவனைப் பிடித்தேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, போட்டு உடைத்தேன்.

"அப்போ இத்தினி நாளா உனுக்கு தப்பா சொல்லிக்கினு இருந்தனா?"

"நீயும் அப்டித்தான அடிச்ச, ண்ணா."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "அப்போ நான் தோத்தது தம்மு இல்லாம இல்ல. தம்ம வுடாம." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதன்பிறகு அவன் என் பயிற்சிப் பக்கமே வரவில்லை.

பழக்கம் லேசில் போகுமா? முஷ்டியை மடக்கினாலே தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். என்னை நானே திட்டிக்கொண்டு பழகினேன்.

தேர்வுப் போட்டிக்கு அண்ணன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் பழையபடி என் தொண்டை அடைத்தது, கை இறங்கியது. முதல் வரிசையிலிருந்து அவன் குரல் வந்தது.

"கட்டாத மே! வுடு! தம்ம வுடு!"

அடுத்து அவனே விட ஆரம்பித்தான். உஸ். உஸ். அரங்கம் திரும்பிப் பார்த்தது, அவன் கவலைப்படவில்லை. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நானும் விட்டேன், அடித்தேன். மணி அடித்தபோது என் கை மேலேயே இருந்தது. நடுவர் அதைப் பிடித்து இன்னும் மேலே தூக்கினார்.

இறங்கி ஓடினேன். அண்ணன் சட்டையெல்லாம் வேர்வையாக நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"நீ இன்னாத்துக்குண்ணா இப்டி மூச்சு வாங்கிக்கினு கீற?"

"நானும் மூணாவது ரவுண்ட முட்சிட்டேன் மே" என்றான்.