பால்பேணித் தகரமும் வானின் சில்லுத்தண்டும்

பழைய வான் ஓட்டுவோர் ஒருவரேனும் இதனால் உயிர் பிழைக்கக்கூடும். ஆதலால் என் பேதைமையை ஒளியாது எழுதுகிறேன்.

என் வானின் முன்சில்லு ஆடியது. புதிய பேரிங் வாங்கினேன். அதுவும் சில்லைத் தாங்கும் தண்டில் தளர்ந்தே நின்றது. மனைவி சமைக்கும் குசினியில் கிடந்த வெற்றுப் பால்பேணியின் தகரத்தை வெட்டித் தண்டைச் சுற்றி, பேரிங்கை இறுக ஏற்றி, என் மதிநுட்பத்தை நானே வியந்தேன்!

மறுநாள் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் படகுத்துறையை அடைந்தேன். சரிவில் பிரேக்கை மிதித்தால், அடிவரை சென்றது. முன்னே கடல்! மீண்டும் மீண்டும் மிதித்தேன். நீர்விளிம்பில் வான் நின்றது.

படகுக்குக் காத்திருந்த மெக்கானிக் காசிம் நானா ஓடிவந்து சில்லைக் கழற்றினார். நைந்த தகரத்தை உருவிச் சிரித்தார்.

"மோதிரம் புதுசுதான் ஐயா, விரலெல்லோ மெலிஞ்சு போச்சு! சில்லு ஆடிப் பிரேக் கட்டையைப் பின்னுக்குத் தள்ளினதாலதான் மிதி அடிவரை இறங்கினது."

"இப்படியே வீடு போகலாமோ?"

"ஏலாது. தண்டை மாத்துங்க."

மனைவி என்னை நோக்கினார். "பால்பேணியை நம்பியோ எங்களை ஏத்தினனீங்கள்?"

தண்டை மாற்றினேன். இப்போது பேரிங் வாங்குமுன் தண்டை நகத்தால் வருடி, தேய்ந்த இடத்தின் வரம்பு தட்டுகிறதா, வெப்பத்தால் நீலம் பாய்ந்துள்ளதா எனப் பார்க்கிறேன். பால்பேணி குசினியைத் தாண்டுவதில்லை.

தொழிலறிந்தோர் இதிற் பிழை காணின் திருத்தியருள்க.