பாலத்து ராட்சசனும் பஞ்சுத் தூசியும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை. வயது ஐம்பத்திரண்டு. கணுக்கால் முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோது, பொழுது போகாமல் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கினாள். கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் விளையாட்டு அவளை விடவில்லை.

அதில் ஒரு வீரன் இடிந்த பாலத்தைக் கடக்க வேண்டும். குறுக்கே கல் முஷ்டியோடு ஒரு ராட்சசன். அறுபது எழுபது முறை அவனிடம் மண்ணைக் கவ்வியவள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக அவனை மண்டியிட வைத்தாள். அவன் கோபம் தலைக்கேறி மறுபடி எழுந்தான். அந்த நொடியில் திரை அப்படியே உறைந்துபோனது. முதலிலிருந்து ஆடி அதே இடத்துக்கு வந்தாள். மறுபடியும் உறைந்தது.

"தோத்தாக்கூடப் பரவால்லடி. ஜெயிக்கப் போற நேரத்துல இப்படிப் பண்ணா வயிறு எரியுது" என்று நாத்தனாரிடம் புலம்பினாள்.

நாத்தனார் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அதே வீட்டில் மாடியறையில் இருந்தாள். "உங்களப் பாத்துப் பயந்துட்டான் அண்ணி. அதான் ஆடாம அசையாம நிக்கிறான்" என்றாள்.

விளையாட்டை அழித்து மறுபடி ஏற்றினாள். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாள் காலை எதேச்சையாகப் பெட்டிமேல் கை வைத்தாள். கொதித்தது. உள்ளே விசிறி மூச்சுமுட்டுவதுபோல் இரைந்தது. பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டால் சலவைக்கூடத்து இயந்திரங்களும் இப்படித்தான் திணறும்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்கடி?"

"பிரிக்கப் போறீங்களா? அண்ணன் பாத்தா கத்தப் போறாரு."

"பெட்டி என்னுது. உங்கண்ணனுக்கு என்ன?"

மின்கம்பியை உருவிவிட்டு மூடியைக் கழற்றினாள். விசிறியைச் சுற்றி வீட்டுப் பூனையின் முடி கம்பளிபோல் படிந்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தாள்.

மூடியை மாட்டி மறுபடி ஆடினாள். இப்போது ராட்சசன் எழுந்தான், திரை உறையவில்லை. நான்கே நொடியில் வீரனைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தான்.

"அடிச்சுட்டான்டி! நல்லா அடிச்சுட்டான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆனால் அதற்குப் பிறகும் அவன் மசியவில்லை. அவளுடைய வலது கட்டைவிரல் எப்போதோ இஸ்திரி இயந்திரத்தில் நசுங்கியது, சட்டென்று மடங்காது. ராட்சசனின் அடியிலிருந்து வீரனை விலக வைக்கும் பட்டனை அது தொடுவதற்குள் அடி விழுந்துவிடும். நாத்தனார் பத்துத் தடவை வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பட்டன வேற விரலுக்கு மாத்த முடியாதா அண்ணி?"

முடியும் என்பதே அவளுக்கு அதுவரை தோன்றவில்லை. மாற்றினாள். இரண்டு நாள் எல்லாம் குழம்பி, விலக வேண்டிய இடத்தில் குதித்தாள், குதிக்க வேண்டிய இடத்தில் வாளை வீசினாள். மூன்றாம் நாள் ஆள்காட்டி விரல் தானாக வேலை செய்தது. புதன்கிழமை, வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு உட்கார்ந்தவள், ராட்சசனைச் சாய்த்துவிட்டாள். நாத்தனார் போட்ட கூச்சலில் பூனை கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது.

மறுநாள் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் தோழியிடம் முழுக் கதையையும் சொன்னாள்.

"இவ்வளவு பாடுபட்டதுக்கு என்ன குடுத்தாங்க?" என்று தோழி கேட்டாள்.

"ஒரு கதவு திறந்துச்சு."

"உள்ள என்ன இருக்கு?"

"இவனவிடப் பெரியவன் ஒருத்தன் நிக்கிறான்" என்றாள், முகமெல்லாம் மலர்ந்து.