அடிக்காமல் வந்த கண்டல்

நான் பிறக்கும்போதே வெள்ளை. தலைமயிர் வைக்கோல் நிறம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே எங்கள் குடியேற்றத் திட்டத்தில் அதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா இளநீர் அதிகம் குடித்தாராம். இளநீர் குடித்தவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரரையா பெற்றார்கள்?

நிறத்தை விட்டாலும் என் உடம்பிலிருந்த கண்டல்களை அவர்கள் விடவில்லை. கதிரைக் காலில் லேசாக இடித்தாலே தோல் நீலம் பாரிக்கும், மாற நாளாகும். அம்மா பகலில் வயலுக்குப் போய்விடுவார். அப்பா வீட்டு வாசலில் சைக்கிள் திருத்துகிறவர். நாள் முழுக்க என்னோடு இருந்தவர் அவர்தான். ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி என்னை வேலியோரம் கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லு பிள்ளை, கொப்பர் அடிக்கிறவரோ?”

“இல்லை மாமி.”

“பயப்பிடாத, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

ஒருவருக்கும் சொல்லாமலே, அப்பா என்னை அடிக்கிறார் என்ற கதை ஊர் முழுக்கப் பரவியது. அந்த மாமியில் எனக்கு இன்றும் கோபம்தான். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தபோதும் அந்தக் கதை எங்களோடு வந்தது. அப்பா என்னைத் தொடுவதையே விட்டுவிட்டார். சைக்கிளில் ஏற்றும்போதுகூட “நீயே ஏறு” என்பார்.

இரண்டாயிரத்து ஒன்றில் எனக்குப் பல் பிடுங்கினார்கள். மறுநாளும் இரத்தம் நிற்கவில்லை. வவுனியாவுக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் அனுப்பினார்கள். சோதனைச்சாவடி தாண்டிக் கூட வர ஒருவருக்குத்தான் பாஸ் கிடைத்தது, அம்மா வந்தார். இரத்தம் ஏற்றி ஒருவழியாக நிறுத்தினார்கள்.

டொக்டர் என் மயிரையும், ஓரிடத்தில் நில்லாமல் ஆடும் கண்களையும், கண்டல்களையும் பார்த்தார்.

“நீங்களும் பிள்ளையின்ர அப்பாவும் சொந்தமோ?”

“ஓம் டொக்டர், என்ர மாமான்ர மகன்.”

உடம்பின் கலங்களுக்குள் செய்யப்படும் புரதங்களைப் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புவதும் ஒரு புரதம்தான், அதைச் செய்யும் மரபணு எனக்குப் பழுதாக இருக்க வேண்டும் என்றார். லொறியில் சாமான் இருக்கிறது, இறக்க வேண்டிய கடையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் நிறமும் இல்லை, இரத்தமும் சுணங்கி உறைகிறது. அம்மாவிடம் ஒரு பழுதான பிரதி, அப்பாவிடம் ஒன்று. எனக்கு இரண்டும் வந்துவிட்டன. அந்த மரபணுவின் பெயர் ஏபி3பி1 என்று பல வருடம் கழித்துத்தான் உறுதியானது.

“அப்ப ஒருத்தரும் அடிக்காமலே கண்டல் வருமோ?” என்று அம்மா கேட்டார். ஓம் என்றதும் அழத் தொடங்கினார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோசம். அதற்குள் அம்மா அவர் காலடியில் குந்திவிட்டார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அப்பா சிரித்தார். “ஊர் கதைச்சதுக்கு நீ ஏனப்பா மன்னிப்புக் கேக்கிறாய்?”

அம்மா தலை நிமிரவில்லை. அப்பா ரியூப்பைக் கீழே வைத்தார்.

“அப்ப நீயும் நினைச்சிருக்கிறாய்” என்றார்.