ஐஸ் கம்பெனியில் கர்லிங் பார்த்த நாட்கள்

போன வாரம் தஞ்சாவூரில் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் டிவி. குளிர்கால ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் முழங்காலைத் தரையோடு தாழ்த்திச் சறுக்கி வந்து, கைப்பிடி வைத்த கல் ஒன்றைப் பனித்தரையில் விட்டாள். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர், "என்ன எளவு ஆட்டமோ, மாத்துறதுக்கு ரிமோட்டையும் காணோம்" என்றார். டெட்டால் வாசனை மட்டுமே இருந்த அந்த அறையில் எனக்கு அம்மோனியா நெடி அடித்து மூக்கு எரிந்தது.

சொன்னால் சிரிப்பீர்கள், கர்லிங் என்கிற அந்த ஆட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் விடாமல் பேசக்கூடியவள் நான். கற்றுக்கொண்ட இடம் நாகூர்ப் பக்கம் கடலோரமாக இருந்த ஓர் ஐஸ் கம்பெனி.

குத்தாலத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. என் காலத்தில் அதைப் பற்றிய பேச்சு மட்டும் மிச்சம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, குளிர்பதன வேலை என்றதும் ஏசி அறையில் உட்காரப்போகிறேன் என்று நினைத்து இரண்டு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு போனேன். அங்கே தகரக் கொட்டகை, கம்ப்ரஸர் இரைச்சல், மீன் வாடை, வழியும் வியர்வை. ஸ்வெட்டரில் ஒன்று மிஷின் எண்ணெய் துடைக்கப் போயிற்று.

மிஷின் ஆபரேட்டர் கலியபெருமாள் அண்ணன். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலை விட்டுக் கரைக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. என்னை 'இன்ஜினியரம்மா' என்று கூப்பிட்ட முதல் மனிதர். கேலியாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. ஆள் குறைந்த நாட்களில் அவரே கொக்கியால் ஐஸ் பாரை இழுத்து ஈரச் சிமெண்டுத் தரையில் ஒரு தள்ளு தள்ளுவார். ஆளுயரப் பார் அது. சறுக்கிக்கொண்டே போய் நொறுக்கும் மிஷினின் வாய்க்கு ஒரு சாண் முன்னால் நிற்கும். ஒரு நாளும் இடித்ததில்லை.

எட்டு வருஷத்துக்கு முந்தைய பிப்ரவரி. ஆபீஸ் டிவியில் சேனல் மாற்றும்போது கர்லிங் வந்தது. அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஐஸ் வாங்க வந்திருந்த மீன்காரப் பாக்கியம் அக்கா கூடையை இடுப்பில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"வீடு கூட்டுற மாதிரி கூட்டுறாளுவ. இதுக்கா மெடலு?"

"மெடல்தான்க்கா. தேய்ச்சா ஐஸ் லேசா இளகும், கல்லு இன்னும் தூரம் போகும்."

"அதான் நாம தண்ணி ஊத்தித் தள்ளுறமே" என்றார் அண்ணன். "நம்ம ஊர்க்காரங்க யாரும் இல்லையாம்மா?"

"இல்லண்ணே."

"கூப்பிட்டுருக்க மாட்டானுவ."

அன்றிலிருந்து பத்தரை மணி ஆனால் எங்களுக்கு டிவி முன்னால்தான் டீ. ஸ்காட்லாந்தில் உறைந்த குளத்தில் விளையாட ஆரம்பித்தது, கனடாக்காரர்கள் உயிரையே விடுவார்கள், கல் ஒவ்வொன்றும் இருபது கிலோ என்று நான் போனில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அண்ணனுக்குப் பிடித்தது ஒரு வழக்கம். ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும் பட்டவர்களே சொல்லிவிட வேண்டும். "அவங்களேவா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நெடி அந்த வாரமே தொடங்கிவிட்டது. ஐஸ் கம்பெனியில் அம்மோனியா நெடி லேசாக இருக்கத்தான் செய்யும், பழகிவிடும். இது பழகவில்லை. காலையில் கேட்டைத் திறக்கும்போதே கண் கரித்தது. சுவர்மேல் உட்காரும் காக்கைகள் வருவதை நிறுத்தின. கம்ப்ரஸர் அறையில் படுத்துக் கிடக்கும் பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு வெளியேறிவிட்டது. அண்ணன் கந்தகத் திரியைக் கொளுத்தி, குழாய் இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கசிவு இருந்தால் திரியில் வெள்ளைப் புகை கிளம்பும். அம்மோனியா தொட்டிக்குப் பின்னால் இருந்த பழைய வால்வருகே கொண்டுபோனதும் புகை பொங்கிவிட்டது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "இப்ப மிஷின நிறுத்தினா படகெல்லாம் ஐஸ் இல்லாம நிக்கும். மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், மாத்திக்கலாம்" என்றார். "ரிஜிஸ்டர்ல ஒண்ணும் எழுதி வெக்காதீங்க."

எழுதாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தினமும் நிரப்ப வேண்டிய கட்டம் அது. 'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாளும். ஒன்பது நாள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு.

பத்தாம் நாள் ஆண்கள் இறுதி ஆட்டம், இங்கே உச்சி வேளையில் தொடங்கியது. இரண்டு அணியும் ஒட்டி ஒட்டி வந்தன. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் நான்தான் எழுந்து போய்க் கம்ப்ரஸர் அறை வாசலில் நின்று கூப்பிட்டேன். "அண்ணே, சீக்கிரம் வாங்க, முடியப் போவுது." அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வந்து உட்காரக்கூட இல்லை.

டயர் வெடித்தது போல ஒரு சத்தம். பிறகு சீறல். கம்ப்ரஸர் அறை வாசலிலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு தவழ்ந்து வந்தது. பனிமூட்டம் மாதிரியே இருந்தது. முற்றத்தில் பாக்கியம் அக்காவோடு ஐஸுக்குக் காத்திருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். நான் "கடல் பக்கமா ஓடுங்க, காத்து வர்ற பக்கமா ஓடுங்க" என்று கத்தியது எனக்கே கேட்கவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. முகமூடி அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி முதலாளி வீட்டில்.

அண்ணன் துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முகத்தில் சுற்றினார்.

"வேணாண்ணே!"

"மெயின் வால்வ மூடலன்னா தெரு பூரா போயிடும்மா."

உள்ளே போய்விட்டார். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. சீறல் குறைந்து நின்றது. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்து, வாசலிலேயே விழுந்தார். பாக்கியம் அக்கா ஓடிப்போகாமல் நின்றிருந்தாள். குடம் குடமாக அவர் கண்ணில் தண்ணீர் ஊற்றியது அவள்தான். நான் பக்கத்தில் வெறுமனே நின்றிருந்தேன்.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஆபரேட்டர் டிவி பார்க்கும் அவசரத்தில் தவறான வால்வைத் திறந்துவிட்டார் என்று முதலாளி சொன்னார். ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டினார். ஒன்பது நாளும் கசிவு இல்லை. ஆய்வாளர் என்னைப் பார்த்தார். "நீங்க எழுதினதுதானே?" தலையாட்டினேன். அவ்வளவுதான் கேட்டார், அவ்வளவுதான் சொன்னேன்.

சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்ஜினியரம்மாவா? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"இல்லண்ணே."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் எதயோ தப்பாத் தொறந்துட்டேன்னு சொல்றாங்களாம்மா. எனக்கு நல்லா நெனவு இருக்கு, நான் எதையும் தொடல. ஆனா எல்லாரும் சொல்றப்ப… தொறந்திருப்பனோ?"

இருபது வருஷம் அந்த மிஷினோடு இருந்தவர். ஒரே நாளில் தன் கையையே சந்தேகப்பட வைத்துவிட்டோம்.

"நீங்க தொறக்கலண்ணே. அது பத்து நாளாக் கசிஞ்சுது. நான்தான் பொய் எழுதினேன்."

கட்டிலோரம் இருந்த கையை அவர் அசைக்கக்கூட இல்லை.

அடுத்த நாள் காலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "இத நேத்தே சொல்லிருக்கலாமே" என்றார். அண்ணன் மேல் இருந்த பழி நீங்கியது. எனக்கு வேலை போயிற்று. பல வருஷம் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை, அது நியாயம்தான். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பியது. இன்னொன்று திரும்பவே இல்லை. மகள் வீட்டோடு பேராவூரணிக்குப் போனார். இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொன்னார், மழை பற்றிப் பேசினார், அந்த நாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவு வருவதற்குள் அவர் இறந்த செய்தி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பல்வலி அடங்கியதும், பஸ் ஏறி நாகூருக்குப் போனேன். கம்பெனி இருந்த இடம் வெறும் மனை. உப்புத் தண்ணீர் ஊறிய மண், புல்கூட முளைக்கவில்லை. தகரக் கொட்டகையும் இல்லை, ஐஸ் சறுக்கிய தரையும் இல்லை. பாக்கியம் அக்கா மகனோடு திருப்பூர் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். இப்படி ஒரு கம்பெனி இருந்ததே, புதிதாக வந்த டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை.

எதிர்ப்புறம் புதிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். மூன்று மடங்கு பெரியது. கேட்டருகே நின்றதுமே கண் கரித்தது. சூப்பர்வைசர் மரியாதையான மனிதர், "வாங்க மேடம், என்ன வேணும்?" என்றார். கசிவு பார்க்க இப்போதும் கந்தகத் திரி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார்.

"அதெல்லாம் அந்தக் காலம் மேடம். இப்ப சென்சார் வந்துடுச்சு. அதோ பாருங்க."

சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"இது ஓடலையே?"

"எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருந்துச்சு மேடம். ஆளுங்களுக்குத் தொல்லையா இருக்குன்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்கோம்."

"போடுங்க."

"மேடம், ஓனர்கிட்ட…"

"நான் இங்கதான் நிக்கிறேன். போடுங்க."

தயங்கித் தயங்கிப் போய்ச் சுவிட்சைப் போட்டார். கையை எடுப்பதற்குள் அது கத்தத் தொடங்கிவிட்டது.