சிவப்பு தெரியாத சாயக்காரர்

சாயத் தொழிற்சாலையில் அவருக்கு விழுந்த பேர் ஐஸ் அண்ணன். பத்தொன்பது வருடமாக முதல் தொட்டி அவருடையது. சாயத்துக்கு மூலச்சரக்கான அமீன், அமிலத்தில் கரைந்து அதில் கிடக்கும். ஐஸைக் கொட்டிக் கொட்டி, சூடு ஐந்து டிகிரியைத் தாண்டாமல் காத்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார். அதில் உருவாவதுதான் டையசோனியம் உப்பு. மூக்கு நுனியில் கோபம் கொண்ட சரக்கு அது. சூடு ஏறினால் நைட்ரஜனாக நுரைத்துப் பொங்கிக் கருந்தார் போலாகிவிடும். உலரவிட்டால் வெடித்தாலும் வெடிக்கும். குளிர் குறையாமல் அடுத்த தொட்டிக்குப் போய் அங்குள்ள நாப்தால் என்ற ரசாயனத்தோடு சேர்ந்துவிட்டாலோ, கண்ணைப் பறிக்கும் சிவப்பு.

அந்தச் சிவப்பை அவர் கண்டதே இல்லை. பிறவியிலேயே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் சாயம் போடுறார், கால்ல பாருங்க, ஒண்ணு பச்சை சாக்ஸ், ஒண்ணு சிவப்பு சாக்ஸ்" என்று மனைவி சிரித்துச் சிரித்தே மானத்தை வாங்குவாள். அவர் எதையும் மறைத்ததில்லை. தொழிற்சாலையில் யாரும் கேட்டதுமில்லை.

புது மேனேஜர் வந்து எல்லாருக்கும் கண் பரிசோதனை வைத்தார். டாக்டர் காட்டிய புள்ளிப் புத்தகத்தில் மற்றவர்கள் எண்களைப் படித்தார்கள். இவர் புள்ளியைத்தான் பார்த்தார். மறுநாளே ஓலை வந்தது: நிறம் தெரியாதவர் சாயப் பிரிவில் இருக்கக் கூடாது, இன்றோடு வேலை முடிந்தது.

நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

"என் கையில ஒரு தடவையாவது சரக்கு கெட்டிருக்கா சார்?"

"இல்லை. ஆனா கம்பெனி விதின்னு ஒண்ணு இருக்கே."

"விதி என் கண்ணைப் பார்த்துச்சு, என் வேலையைப் பார்க்கலை. என் தொட்டியில சிவப்பு எங்க சார் இருக்கு? தெர்மாமீட்டர்ல இருக்கிறது நம்பர். நைட்ரைட் போதுமான்னு பார்க்கிற தாள் நீலமாகணும். நீலம் உங்களுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும். சோதிச்சுப் பாருங்க. தோத்தா இப்பவே கிளம்பிடறேன்."

மேனேஜருக்கும் விளையாட்டுப் பிடித்துவிட்டது. ஆய்வகத்துப் பெண் ஆறு கிண்ணங்களில் அமிலம் ஊற்றினாள். சிலவற்றில் மட்டும் ரகசியமாக நைட்ரைட் கலந்து, எதெதில் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக்கொண்டாள். ஐஸ் அண்ணன் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து, நைட்ரைட் பட்டால் நீலமாகும் அந்த ஸ்டார்ச்-அயோடைடு தாளில் வைத்தார்.

"ஒண்ணு, மூணு, நாலு. இதுல மட்டும்தான் நைட்ரைட் இருக்கு."

மேனேஜர் நிதானமாக டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்து, தாள்களின் மேல் குனிந்தார். முகம் மலர்ந்தது.

"ஆறாவதும் நீலமா இருக்கே! அது உங்களுக்குத் தெரியலையா? தோத்துட்டீங்க."

"தெரியுது சார். நீங்க டீ குடிச்ச நேரத்துல அது நீலமாச்சு. சொட்டு விழுந்த உடனே மாறினாத்தான் நைட்ரைட். நின்னு மெதுவா மாறினா அது காத்தோட வேலை. அதை நம்பி நைட்ரைட் விடுறதை நிறுத்தினா அமீன் பாதி மாறாமலே கிடக்கும்."

ஆய்வகத்துப் பெண் சீட்டைப் பிரித்தாள். ஒன்று, மூன்று, நான்கு.

"அண்ணே, அடுத்த கண் பரிசோதனையை மேனேஜர் சாருக்கு வைக்கலாமா?" என்றாள்.

"சாருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அவசரப்படாத டீதான் காலை வாரிடுச்சு."

மேனேஜரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓலையைக் கிழிக்கப் போனார். ஐஸ் அண்ணன் தடுத்தார்.

"கிழிச்சா நான் மட்டும்தான் தப்பிப்பேன் சார். விதி அப்படியே இருக்கும், நாளைக்கு இன்னொருத்தன் கழுத்துல விழும். மாத்தி எழுதுங்க."

மேனேஜர் பேனாவை எடுத்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்: 'யாராக இருந்தாலும் அவரவர் பார்க்கும் வேலையில்தான் சோதிக்க வேண்டும்.' கையெழுத்தும் போட்டார்.

ஐஸ் அண்ணன் வாய்விட்டுப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அதை அறிவிப்புப் பலகையில், யார் கண்ணுக்கும் தப்பாத உயரத்தில், நாலு மூலைக்கும் ஆணி வைத்து அடித்தார்.